மணல்மேட்டில் ஒரு குழி

நவம்பர் 12, சனி

ஏரியிலிருந்து கடலுக்கு வழி வெட்ட நல்ல நாள் எது? இன்று காலை ஊர்த் தலைவர் கபிரியேல் என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியாது. தெரியாது என்றே சொன்னேன். அவர் நம்பவில்லை. சில வாரங்களாகப் படகில் ஏரியைக் குறுக்கும் நெடுக்குமாக அளந்துகொண்டிருப்பவளுக்கு இது தெரியாமல் இருக்குமா என்ற பார்வை.

நான் அளப்பது ஆழத்தை மட்டும். ஏரியின் தென்பகுதிக்கு ஓர் ஆழப்படம் வரைந்து தரும் வேலை எங்கள் கல்லூரியின் புவியியல் துறைக்குக் கிடைத்தது. வேறு யாரும் வர விரும்பவில்லை. நான் வந்தேன்.

ஏரி பெரியது. நடுவில் நின்றால் மேற்குக் கரை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் ஆழம் இல்லை. பாதி இடங்களில் இறங்கினால் இடுப்பளவு. கிழக்கே நீளமான ஒரு மணல் பட்டை, அதற்கு அப்பால் கடல். அந்தப் பட்டையில் இருக்கும் ஒரே வாய்தான் முகத்துவாரம். அதன் வழியாக நாளுக்கு இரண்டு முறை கடல் உள்ளே ஏறும், இரண்டு முறை வற்றும். இந்தக் கோடையில் அந்த வாயை மணல் அடைத்துவிட்டது. மழை தொடங்கியும் திறக்கவில்லை. மேற்கேயிருந்து ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் தண்ணீருக்குப் போக இடமில்லை.

நான் தங்கியிருக்கும் கோரைத்திட்டு ஏரிக்கு நடுவில் இருக்கிறது. முப்பது வீடுகளுக்கு மேல் இருக்காது. எல்லாம் மண்சுவர். எனக்கு இடம் கொடுத்திருக்கும் லூர்தம்மாவின் வீடு தெற்குக் கோடியில், எல்லாவற்றையும்விடத் தாழ்வாக. படித்துறையில் நான் நட்டிருக்கும் அளவுகோலின்படி தண்ணீர் அவள் வாசலுக்கு மூன்று சாண் கீழே நிற்கிறது.

துணி துவைத்தேன். காயாது.

நவம்பர் 14, திங்கள்

"இன்னா டீச்சர், தண்ணிக்கு இன்னிக்கு எத்தினி மார்க்கு போட்ட?"

லூர்தம்மா தினமும் இதைக் கேட்கிறாள். அளவுகோலைப் படித்துவிட்டு நான் குறித்துக்கொள்வது பரீட்சைத் தாள் திருத்துவது மாதிரி இருக்கிறதாம். என் வயதுதான் இருக்கும். கருவாடு கட்டிப் பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோகிறாள். முதல் நாளிலிருந்தே என்னை நீ என்றுதான் கூப்பிடுகிறாள். நான் நீங்கள் என்கிறேன்.

"நேற்றைவிட ஏறியிருக்கிறது" என்றேன்.

"அப்போ பாஸா, ஃபெயிலா?"

"தெரியவில்லை."

"நல்ல டீச்சர்." கருவாட்டுக் கூடையைத் திருப்பிப் போட்டாள். வெயில் இல்லாததால் பாதி நாற ஆரம்பித்திருந்தது. "உன் வூட்டுக்காரர் இன்னா பண்றாரு? ஒரு தபா கூட வந்து பாக்கலியே."

"வெளியூரில் இருக்கிறார்."

"எந்த ஊரு?"

"வெளியூர்."

"சரியாப் போச்சு. என் ஆளும் வெளியூருதான்" என்றாள்.

அவள் கணவர் இஞ்ஞாசி ஒன்பது வருடத்துக்கு முன்னால் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. படகும் கிடைக்கவில்லை. இதை அவள் சொல்லவில்லை, பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விதவைப் பென்ஷனுக்கு எழுதிக்கொடுக்க ஆள் வந்தபோது விளக்குமாற்றை எடுத்தாளாம். இன்றும் தாலியும் மெட்டியும் போட்டிருக்கிறாள். சந்தைக்குப் போகும் நாளில் பூ வைக்கிறாள்.

நவம்பர் 15, செவ்வாய்

வெளியூரில் இருப்பதாக நான் சொன்ன முரளியிடமிருந்து இரண்டு முறை அழைப்பு. எடுக்கவில்லை. கொசுவர்த்தி வாங்க வேண்டும்.

நவம்பர் 17, வியாழன்

பகல் முழுக்க மழை. கபிரியேலின் படகில் மணல்மேட்டுக்குப் போய் வந்தோம். அவர் மேற்கூரின் தலைவர். கோரைத்திட்டும் மேற்கூரைச் சேர்ந்ததுதான். மேட்டின் அந்தப் பக்கம் அலை அடிக்கிறது, இந்தப் பக்கம் ஏரி அசையாமல் நிற்கிறது. ஏரியின் மட்டம் கடலைவிட உயரத்தில் இருப்பது வெறும் கண்ணுக்கே தெரிந்தது. நடுவே இருக்கும் மணலை வேகமாக நடந்தால் ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம்.

"வெட்டிவிட வேண்டியதுதானே?" என்றேன்.

"மெஷின் வர ரோடு இல்ல, தண்ணிக்குள்ள கெடக்குது. கையாலதான் வெட்டணும். ரெண்டு ஊரும் சேர்ந்து வெட்டினாத்தான் ஆவும்."

"சேர்ந்து வெட்டுங்கள்."

அவர் சிரித்தார். பிறகு விளக்கினார். முகத்துவாரத்தில் வலை இறக்கும் உரிமை மேற்கூருக்கும் கிழக்கூருக்கும் நாள் மாற்றி நாள். ஆளுக்கொரு முறை. ஞாயிறு யாருக்கும் இல்லை. சாதாரண நாளில் இதில் சண்டை வராது. ஆனால் மூடிக் கிடந்த வாயைத் திறக்கும் நாள் வேறு. பல மாதமாக உள்ளே அடைபட்டுக் கொழுத்த இறாலும் மீனும் முதல் ஓட்டத்தில் மொத்தமாக வெளியே பாயும். அன்றைக்கு முறை யாருடையதோ அவர்கள் வலையில் ஒரு வருடத்துப் பிழைப்பு விழும். மற்றவர்கள் மண் வெட்டிய கையைக் கழுவிக்கொண்டு வேடிக்கை பார்க்க வேண்டும்.

"எங்க முறையில வெட்ட அவுங்க வர மாட்டாங்க. அவுங்க முறையில நாங்க போக மாட்டோம்."

"ஞாயிறு?"

"ஞாயித்துக்கெழம நாங்க மண்வெட்டியத் தொட மாட்டோம், டீச்சரம்மா. பூசை நாளு."

பாதி வழியில் மழை வலுத்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு, படகுக்குள் ஏறிய தண்ணீரை இருவரும் இறைத்தோம். லூர்தம்மா வீட்டைக் காட்டி, "முதல்ல போறது அதுதான்" என்றார். அப்புறம், நான் கேட்காமலேயே, குரலைத் தாழ்த்தி: "இஞ்ஞாசிய நான் போன வருசம் விசாகப்பட்டணம் ஹார்பர்ல பாத்தேன். ஐஸ் ஏத்திக்கினு இருந்தான். மூஞ்ச திருப்பிக்கினான்."

"லூர்தம்மாவுக்குத் தெரியுமா?"

"எங்கூரு பசங்க நாலு பேரு என் கூட இருந்தானுங்க. நாலு பேரு பாத்தது நாப்பது பேருக்குத் தெரியும். அவளுக்குன்னு யாரும் சொன்னதில்ல."

நிச்சயமாகப் பார்த்தீர்களா என்று நான் கேட்டிருக்க வேண்டும். மழையில் கேட்கவில்லை.

நவம்பர் 18, வெள்ளி

வங்கக் கடலில் தாழ்வு மண்டலம். புயலாகலாம், செவ்வாய் இரவு கரையைக் கடக்கலாம், எங்கே என்று இன்னும் சொல்லவில்லை. தண்ணீர் வாசலுக்கு ஒரு சாண் கீழே வந்துவிட்டது. அடுப்படியில் தண்ணீர்ப்பாம்பு. லூர்தம்மா அதை முறத்தில் வாரி வெளியே கொட்டினாள்.

கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு எல்லோரும் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு ஒரு படகு போனது. போகலாமா என்று லூர்தம்மாவிடம் கேட்டேன்.

"ஆளைக் காப்பாத்த ஸ்கூலு கீது. வூட்டை எந்த ஸ்கூல்ல கொண்டுபோய் வெக்கறது?"

இதற்குமுன் இதே ஏரியில் இரண்டு திட்டுகள் இப்படிக் கரைந்துபோயினவாம். வீடு இழந்தவர்களைக் கண்காணாத உள்நாட்டில் ஏதோ காலனிக்கு அனுப்பினார்கள். தண்ணீர் வடிந்த பிறகும் ஒருவரும் திரும்பவில்லை. மண்சுவர் ஒரு நாள் தண்ணீரில் நின்றால் போதும், உட்கார்ந்துவிடும். அப்புறம் கோரைத்திட்டு என் படத்தில் மட்டும் இருக்கும்.

அரிசி மூட்டையைப் பரணில் ஏற்றினோம். கை வலிக்கிறது.

நவம்பர் 20, ஞாயிறு

பூசை முடிந்ததும் மேற்கூர்க் கோயில் வாசலில் கூட்டம். இரண்டு ஊர் ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் வெளியே வேப்பமரத்தடியில். என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நாள் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. எனக்கு எந்த ஊரிலும் முறை கிடையாது என்பதுதான் என் தகுதி.

தெரிந்ததைச் சொன்னேன். வழக்கமாக அமாவாசை வற்றத்தில்தான் வெட்டுவார்கள். அன்று கடல் நன்றாகத் தாழும், ஏரித் தண்ணீர் வேகமாக ஓடித் தன் வழியைத் தானே அறுத்துக்கொள்ளும். அமாவாசை புதன்கிழமை. ஆனால் செவ்வாய் இரவு புயல் வந்தால் கடல் வீங்கி நிற்கும். புதனன்று தாழவே தாழாது. வெட்டியதை மணல் போட்டு மூடிவிடும். அதனால் நாளை, திங்கள் உச்சிவேளை வற்றத்தில் வெட்டலாம். கடல் அவ்வளவாகத் தாழாது, ஆனால் இன்னும் அடங்கி இருக்கிறது.

"நாளைக்கு வெட்டிப்புட்டு, செவ்வாக்கெழம புயல் அந்த வழியாவே கடல உள்ள தள்ளினா?" கேட்டவர் பொன்னுரங்கம், கிழக்கூர்த் தலைவர்.

"கடல் உள்ளே வரும்."

"எவ்ளோ?"

"தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதுக்கா இவ்ளோ நேரம்?" கூட்டம் சிரித்தது. அவர் விடவில்லை. "நாளைக்கு மேற்கூர் முறை. டீச்சரம்மா குந்திக்கினு சோறு துன்றதும் மேற்கூர் வூட்டுல. கணக்கு நல்லாத்தான் ஒத்துப் போவுது."

நாளைக்கு யார் முறை என்று நான் யோசிக்கவே இல்லை என்றேன். உண்மை. ஆனால் சொல்லும்போதே பொய் மாதிரிக் கேட்டது.

"அப்போ செவ்வாக்கெழம காலையில வெட்டுவோம், எங்க முறை" என்றார் பொன்னுரங்கம்.

"உங்க முறையில எங்க பசங்க குனிவானுங்களா?" என்றார் கபிரியேல். "நான் சொன்னா என்னை ஒதைப்பானுங்க."

"எங்காளுங்க மட்டும் உங்களுக்குக் கூலிக்காரனுங்களா?"

அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ ஒரு பழைய வலைக் கிழிப்புத் தகராறை இழுத்தார்கள். முடிவு எதுவும் இல்லாமல் கலைந்தது.

திரும்பும்போது படகில் லூர்தம்மா என் எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நாளைக்கின்னா ஓடுமா?"

"ஓடலாம்."

"ஓடுமா, ஓடலாமா?"

"ஓடலாம்."

தலையாட்டினாள். தண்ணீர் வாசல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நாங்கள் படகிலிருந்து நேராக வீட்டுக்குள் காலை வைத்தோம்.

நவம்பர் 21, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

விடிந்ததும் லூர்தம்மா தலைக்குக் குளித்தாள். தகரப் பெட்டியைத் திறந்து ஒரு கட்டம் போட்ட சட்டையை எடுத்தாள். மடிப்புக் கலையாமல் இருந்தது. "வா, மேற்கூர் வரிக்கும் போவணும்" என்றாள். எதற்கு என்று கேட்டேன். படகில் ஏறிவிட்டாள்.

கபிரியேல் கோயில் வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"மணி அடி" என்றாள். "என் வூட்டுக்காரர் செத்துட்டாரு."

அவர் வாயைக் கொப்பளித்துத் துப்பினார். "யாரு சொன்னது?"

"நான் சொல்றேன். ஒம்போது வருசமா ஆளு வரல. இன்னும் எத்தினி பேரு வந்து சொல்லணும்?"

கபிரியேல் அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். படகில் அன்று சொன்னது எங்கள் இருவருக்கும் நினைவிருந்தது. நான் தரையைப் பார்த்தேன்.

"யோசிச்சுக்க லூர்து. அடிச்சா அடிச்சதுதான். நாளைக்கி இல்லன்னு சொல்ல முடியாது."

"எனக்கு யோசிக்க ஒம்போது வருசம் இருந்துச்சு. உனக்குத் தண்ணிதான் நேரம் குடுக்காது. போய் அடி."

சாவு மணி வேறு மாதிரி. ஒன்று, நீண்ட இடைவெளி, மறுபடி ஒன்று. அது எதற்கு என்று எனக்கு அப்போதும் புரியவில்லை. மேற்கூர்ப் பெண் ஒருத்தி சொன்னபிறகுதான் புரிந்தது: இந்த ஏரியில் சாவு விழுந்தால் குழி மூடும் நாள் முடியும் வரை இரண்டு ஊரிலும் வலை இறங்காது. யாருக்கும் முறை கிடையாது. மீன் ஓடினால் ஓட வேண்டியதுதான்.

கிழக்கூரிலிருந்து படகுகள் வந்தன. பொன்னுரங்கம் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கி, லூர்தம்மாவுக்கு எதிரே நின்றார்.

"உடம்பு?"

"கடல்ல."

"எப்போ தெரிஞ்சுது?"

"இன்னிக்கு."

அவருக்கும் தெரியும் என்று நினைக்கிறேன். நாற்பது பேருக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமல் இருக்குமா? சட்டையைக் கையில் வாங்கினார். உடம்பு கிடைக்காதவர்களுக்கு இங்கே மணல்மேட்டில்தான் குழி; உடுப்பை வைத்து மூடுவார்கள். குழி வெட்ட இரண்டு ஊரிலும் வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். வராவிட்டால் கெட்ட பெயர்.

"இஞ்ஞாசி ஒசரமான ஆளு" என்றார் பொன்னுரங்கம், யாரையும் பார்க்காமல். "குழி கொஞ்சம் நீளமா வெட்டணும்."

ஒருவரும் சிரிக்கவில்லை. ஆட்கள் மண்வெட்டிகளை எடுக்கப் போனார்கள்.

குழிக்குப் பெண்கள் போவதில்லை. லூர்தம்மா திட்டுக்குத் திரும்பினாள். நான் அளவெடுப்பவள் என்பதால் என்னைத் தடுக்கவில்லை. மேட்டின் நடுவில் முதலில் ஆளளவு ஒரு குழி. கபிரியேல் செபம் சொன்னார், சட்டையை வைத்தார், ஒரு பிடி மணல் போட்டார். அவ்வளவுதான். அடுத்த மண்வெட்டி குழியின் தலைப்பக்கம் விழுந்தது, அதற்கடுத்தது கால்பக்கம். ஒரு வரிசை ஏரியை நோக்கியும் ஒரு வரிசை கடலை நோக்கியும் வெட்டிக்கொண்டு போனது. கடல் பக்கம் மட்டும் ஒரு வரப்பை விட்டுவைத்தார்கள். வற்றம் தொடங்கியதை நான் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்கள்.

உச்சியில் சொன்னேன். வரப்பை உடைத்தார்கள்.

முதலில் வந்தது கணுக்கால் நனையும் அளவு. மணல் சரிந்து அதையும் பாதி அடைத்தது. நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். லூர்தம்மாவின் வெறும் பெட்டி நினைவுக்கு வந்தது. யாரும் என்னைத் திட்டவில்லை, அது இன்னும் மோசம். பொன்னுரங்கம் இறங்கி மண்வெட்டியால் அடைப்பைத் தள்ளினார். பத்துப் பேர் கூட இறங்கினார்கள். பிறகு சட்டென்று, "ஏறுங்கடா, ஏறுங்க!" என்ற கத்தல். ஓரம் ஓரமாகக் கரை விழ ஆரம்பித்தது. தண்ணீர் பழுப்பாக, சத்தத்துடன் போனது. சட்டை எப்போது போனது என்று பார்க்கவில்லை.

இறால் போனது. மடவை போனது. வெள்ளி மாதிரித் துள்ளிக்கொண்டு கூட்டம் கூட்டமாகப் போனது. இரண்டு ஊர் ஆண்களும் இரண்டு கரையில் நின்று வெறுங்கையோடு பார்த்தார்கள். ஓர் இளைஞன் குனிந்து கையால் ஒன்றைப் பிடித்தான். பொன்னுரங்கம் அவன் கையில் அடித்தார். "சாவு வூட்டு மீனுடா. வெக்கங்கெட்டவனே."

மாலையில் வீட்டுக்கு வந்தபோது லூர்தம்மா சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். தாலி இல்லை, மெட்டி இல்லை. காலில் மெட்டி இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. ஓடுகிறது என்றேன். தலையாட்டினாள்.

"அவர் உயிரோடு இருக்கிறாரா?" கேட்டிருக்கக் கூடாது.

"தெரியாது, டீச்சர். நீ நேத்து சொன்னியே, அதே தெரியாதுதான்."

நாளை கடல் அந்த வழியாக உள்ளே வந்தால் இது அத்தனையும் வீண். அதைவிட மோசம், நான்தான் வாசலைத் திறந்துவிட்டவள். தண்ணீர் இரண்டு விரல் இறங்கியிருக்கிறது. அது போதுமா என்று சொல்ல என்னிடம் எந்தக் கணக்கும் இல்லை. முரளியின் அழைப்பு வந்தது. எடுத்தேன். "ஹேமா, எதுவாக இருந்தாலும் நேரில் பேசி முடித்துவிடலாம்" என்றார். பேச ஒன்றும் இல்லை என்றேன். வேறு எழுத எதுவும் இல்லை.

நவம்பர் 22, செவ்வாய்

புயல் வடக்கே திரும்பிவிட்டது. ஆந்திரக் கரைக்குப் போகிறது என்று காலையில் சொன்னார்கள். இங்கே காற்றும் விட்டு விட்டு மழையும்தான். ஆனால் மேற்கே மூன்று நாளாகப் பெய்த தண்ணீர் இன்றுதான் ஆற்றில் வந்து சேர்ந்தது. கிளைகளும் ஒரு செத்த ஆடும் மிதந்து வந்தன.

காலையில் இரண்டு ஊர்ப் பெண்களும் படகுகளில் ஒப்பாரிக்கு வந்தார்கள். லூர்தம்மாவைச் சுற்றி உட்கார்ந்து தோளில் கைபோட்டு அழுதார்கள். சடங்குக்கு அழுவார்கள் என்று நினைத்திருந்தேன். லூர்தம்மா வாய்விட்டு அழுதாள். மூச்சு வாங்க, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு. இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. என்னையும் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஓய்ந்தபோது என் காதருகே சொன்னாள்: "நீயும் ஒரு தபா அழுதுடு, டீச்சர். சாவு வூட்டுல யாரு யாருக்காக அழுவுறான்னு யாரு பாக்கறது?"

நான் அளவுகோலைப் பார்க்க எழுந்து போனேன். இன்று எண்ணைப் படிக்கச் சற்று நேரம் பிடித்தது.

முற்பகலில் கடல் ஏறியது. வெட்டிய வழியாக நுரையோடு உள்ளே வந்தது. ஆற்றுத் தண்ணீர் ஒரு பக்கம், கடல் ஒரு பக்கம். மட்டம் வாசல் விளிம்புக்கு வந்தது, விளிம்பைத் தாண்டி ஒரு விரல் அகலம் உள்ளே படர்ந்தது. பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்து நின்றார்கள். கிழக்கூர்க்காரி ஒருத்தி தன் சேலைத் தலைப்பால் சுவரடியை ஒற்றினாள், ஏதோ அதனால் ஆகப்போகிறது போல. "பானையத் தூக்கு" என்று லூர்தம்மாவிடம் சொன்னேன். என்னை நிமிர்ந்து பார்த்தாள், தூக்கினாள். தண்ணீர் அங்கேயே வெகுநேரம் நின்றது. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

உச்சி தாண்டி வற்றம் இழுத்தது. கபிரியேல் வந்து, முகத்துவாரம் இரண்டு லாரி போகும் அகலத்துக்கு அறுத்துக்கொண்டுவிட்டது என்றார். வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டார். தெரியாது என்றேன். இம்முறை நம்பினார்.

தெற்குச் சுவரின் அடி ஒரு முழத்துக்கு ஊறிப்போயிருக்கிறது. விழவில்லை. மாலையில் பெண்கள் படகேறிப் போனார்கள். தண்ணீர் வாசலுக்கு ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது.